வெளிநாடு போகும் வேலூர் வட்டாரத்தாருக்கு: நூலகத்தில் இங்கிலீஷ் கற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இங்கிலீஷ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காட்பாடியில் இருக்கிறேன். மகள் நியூஜெர்சியில். இரண்டு முறை போய் ஆறாறு மாதம் தங்கினேன். அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கிளை நூலகம் இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த மாதங்களை ஜன்னல் ஓரத்திலேயே கழித்திருப்பேன்.

திரும்பி வந்ததிலிருந்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேரணாம்பட்டில் நிச்சயம் முடிந்த பெண், ராணிப்பேட்டையிலிருந்து லண்டன் போக நினைக்கும் நர்ஸ், ஆம்பூரில் மகன் டொராண்டோவுக்குக் கூப்பிடுகிறான் என்று தயங்கும் அப்பா. எல்லோருக்கும் போனில் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நூலகம் என்றால் புத்தகம் படிக்கிற இடம்தானே டீச்சர்? அங்கே எப்படி இங்கிலீஷ் கற்றுக்கொள்வது?

நம் ஊரில் நூலகம் என்றதும் நீண்ட மேசை, நாளிதழ் விரித்துப் படிக்கும் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், 'அமைதி காக்கவும்' என்ற பலகை எல்லாம் கண்முன் வரும். அமெரிக்கா, கனடா பொது நூலகங்களில் இதெல்லாமும் உண்டு, இதற்கு மேலும் உண்டு. புதிதாகக் குடியேறியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவதை அவை தங்கள் அன்றாட வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. நியூயார்க்கில் குயின்ஸ் பகுதிப் பொது நூலகம் புதுக் குடியேறிகளுக்கென்றே 1977இல் ஒரு தனித் திட்டம் தொடங்கியது. கலிபோர்னியாவில் 1984 முதல் பெரியவர்களுக்கான எழுத்தறிவுப் பயிற்சி நூலகங்கள் வழியாக நடக்கிறது.

பொதுவாக நான்கு விதமான உதவி கிடைக்கும். ஆசிரியர் வைத்து நடத்தும் வகுப்பு ஒன்று. சும்மா உட்கார்ந்து பேசிப் பழகும் உரையாடல் வட்டம் ஒன்று. சில இடங்களில் ஒரு தன்னார்வலர் உங்கள் ஒருவரோடு மட்டும் வாரம் ஒருமுறை உட்காருவார். அப்புறம், கற்பவர்களுக்கென்றே எழுதிய புத்தகங்களும் ஒலிப்பதிவுகளும். எல்லா நூலகத்திலும் நான்கும் இருக்காது. ஆனால் எதுவுமே இல்லாத ஊர் அரிது. உங்கள் கிளையில் இல்லாவிட்டால் பக்கத்துக் கிளையில் இருக்கும், நூலகரே சொல்லிவிடுவார்.

அமெரிக்காவில் ஊர் ஊராக நூலகம் எழப் பெரும் பணம் கொடுத்த ஆண்ட்ரூ கார்னகி ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். 1848இல் ஸ்காட்லாந்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்கப் போனவர். வேலைக்குப் போகும் சிறுவர்களுக்காகப் பெரியவர் ஒருவர் தன் சொந்தப் புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தார்; கார்னகி அங்கே படித்து வளர்ந்தார். பின்னால் அவர் பணத்தில் உலகம் முழுக்க 2,509 நூலகங்கள் கட்டப்பட்டன. குடியாத்தத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறேன்.

எவ்வளவு செலவாகும்?

ஒன்றும் ஆகாது. அந்த ஊர் வரிப்பணத்தில் நடப்பது அது. நீங்கள் வாடகை வீட்டில் இருந்தாலும், வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. ஆகவே யாரோ தர்மம் செய்கிறார்கள் என்று கூச்சப்பட்டு வாசலில் நிற்காதீர்கள். நம் ஊரிலும் இப்படித்தான். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாமும் கட்டுகிறோம். சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். அரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது.

நான் எச்4 விசாவில், அதாவது அமெரிக்காவில் வேலை செய்யும் கணவரோடு தங்கும் விசாவில் போகிறேன். வேலை செய்யக்கூடாது என்கிறார்கள். வகுப்புக்கு மட்டும் போகலாமா?

போகலாம். பெரும்பாலான நூலகங்களில் விசா என்ன என்று கேட்பதே இல்லை. அந்த ஊரில் குடியிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். உரையாடல் வட்டத்துக்குப் பல இடங்களில் அதுகூடக் கேட்க மாட்டார்கள்; உள்ளே போய் உட்கார வேண்டியதுதான்.

போய் இறங்கிய முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

உறுப்பினர் அட்டை வாங்குங்கள். 'லைப்ரரி கார்டு' என்று கேட்டால் போதும். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் எடுத்துப் போக வேண்டும். இங்கேதான் நம் பெண்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். உங்கள் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. போனவுடன் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தைப் பல நூலகங்கள் ஏற்றுக்கொள்ளும். இதை நான் அழுத்திச் சொல்ல வேறொரு காரணமும் இருக்கிறது. அந்நிய ஊரில் உங்கள் பெயரில் ஒரு அட்டையாவது இருக்க வேண்டும். நூலக அட்டைதான் எல்லாவற்றிலும் சுலபமாகக் கிடைப்பது.

அட்டை கையில் வந்ததும், வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று அதே மேசையில் கேளுங்கள். செப்டம்பரிலும் ஜனவரியிலும் தொடங்குவது வழக்கம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். நடுவில் போய்ச் சேர்ந்தால் உரையாடல் வட்டத்தில் தொடங்கலாம்.

தேர்வு வைப்பார்களாமே? பத்தாவதில் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவள் நான்.

வகுப்பில் சேரும்போது சின்னதாக ஒன்று வைப்பார்கள். எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கத்தான். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுங்கள். மகனோ கணவரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்து மேல் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உரையாடல் வட்டத்தில் என்னதான் நடக்கும்?

நான் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வந்து ஏழு மாதம். எம்.எஸ்சி. படித்தவள். இங்கிலீஷ் நாளிதழ் படித்தால் புரியும், ஆனால் கடையில் வாய் திறக்க மாட்டாள். "புரியுது டீச்சர், வாய்தான் வரமாட்டேங்குது" என்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

வட்ட மேசை. கொரியாவிலிருந்து ஒரு பாட்டி, ஈக்வடாரிலிருந்து கணவன் மனைவி, உக்ரைன் பெண் ஒருவர், இன்னும் நாலைந்து பேர். நடத்துகிறவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. பாடப் புத்தகம் இல்லை. அந்த வாரத்து காய்கறிக் கடை விளம்பரத் தாளை மேசையில் விரித்து, எது மலிவு, எதை வாங்குவீர்கள், எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார்.

நம் பெண் இருபது நிமிஷம் வாயே திறக்கவில்லை. தாளில் பளபளவென்று பெரிய கத்திரிக்காய்ப் படம், கீழே 'எக்பிளான்ட்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மெல்ல, "நாங்கள் இதை பிரிஞ்ஜால் என்போம்" என்றாள் இங்கிலீஷில். என்ன, என்ன என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. எங்கள் பக்கத்தில் இலவம்பாடி என்று ஒரு ஊர், அங்கே விளையும் கத்திரிக்காய்க்குக் காம்பில் முள் இருக்கும், பறிக்கும்போது கையைக் குத்தும், குழம்பு வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று சொன்னாள். முள்ளுக்கு 'தார்ன்' என்ற வார்த்தை வரவில்லை. விரலால் உள்ளங்கையைக் குத்திக் காட்டி முகத்தைச் சுளித்தாள். கொரியப் பாட்டிதான் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். நாலு நிமிஷம் விடாமல் பேசினாள். இலக்கணப் பிழை ஏழெட்டு இருந்திருக்கும், நான் எண்ணவில்லை. 31 ஆண்டுகள் சிவப்பு மையால் பிழை திருத்தியவள் நான். அன்று எண்ணாமல் இருந்ததுதான் சரி.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னால் தர முடியாத ஒன்று அந்த மேசையில் கிடைத்தது. எல்லோரும் தப்பாகப் பேசுகிறவர்கள், யாரும் சிரிக்கப் போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தை நாம்தான் பள்ளியிலேயே ஊட்டிவிட்டோம். அந்தப் பயம் நாலு பேர் நடுவில் பேசித்தான் போகும். அதனால்தான் புத்தகத்தைவிட, செயலியைவிட, முதலில் இந்த வட்டத்துக்குப் போங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

எந்தப் புத்தகம் எடுப்பது? அலமாரியைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

428 என்ற எண்ணைத் தேடுங்கள். பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டூயி முறை உள்ள நூலகங்களில் இங்கிலீஷ் கற்பதற்கான புத்தகங்கள் அந்த எண்ணில் இருக்கும். பல நூலகங்களில் 'ஈஎஸ்எல்' என்று எழுதித் தனி அலமாரியே வைத்திருப்பார்கள். இங்கிலீஷை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு என்று பொருள்.

அங்கே முதலில் எடுக்க வேண்டியது படிநிலை வாசிப்புப் புத்தகங்கள். முழுக் கதைதான், ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கை வார்த்தைகளுக்குள் எழுதியிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையில் முதல் நிலைக்கு 400 அடிப்படை வார்த்தைகள், இரண்டாம் நிலைக்கு 700, மூன்றாம் நிலைக்கு 1,000, ஆறாம் நிலைக்கு 2,500. பென்குவினும் கேம்பிரிட்ஜும் இதே போல் வரிசைகள் வைத்திருக்கின்றன. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத வார்த்தை ஐந்துக்கு மேல் இருந்தால் ஒரு நிலை கீழே இறங்குங்கள். பட்டதாரி ஆயிற்றே, முதல் நிலையா என்று நினைக்காதீர்கள். அகராதியைத் தொடாமல் ஒரு கதையை முடித்து வைக்கும்போது வரும் தெம்பு, கடினமான நாவலில் பத்துப் பக்கத்தோடு நின்றுவிட்டால் வராது. ஒலிப்பதிவும் சேர்ந்து வரும் புத்தகமாக இருந்தால் கேட்டுக்கொண்டே படியுங்கள், பிறகு கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, படம் போட்ட அகராதி. சமையலறை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் என்று இடம் இடமாகப் படம் வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டிருக்கும். 'ஷேக்ஸ்பியர்' தெரிந்த நமக்கு அகப்பைக்கும் துடைப்பத்துக்கும் இங்கிலீஷ் வராது. அந்தக் குறையை இது தீர்க்கும்.

மூன்றாவது, சிறுவர் பகுதியில் இருக்கும் தகவல் புத்தகங்கள். உடம்பு, வானிலை, அந்த நாட்டின் வரலாறு எல்லாம் எளிய வாக்கியத்தில், நல்ல படங்களோடு இருக்கும். பெரியவர்கள் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எனக்குக் கைக்குழந்தை. கார் ஓட்டவும் தெரியாது. வீட்டைவிட்டு எப்படிப் போவது?

பல நூலகங்கள் வகுப்பையும் வட்டத்தையும் இணையத்திலும் நடத்துகின்றன, கேட்டுப் பாருங்கள். 'லிப்பி' என்ற செயலியில் நூலக அட்டை எண்ணைப் போட்டால் மின்புத்தகமும் ஒலிப்புத்தகமும் போனிலேயே இரவல் கிடைக்கும். நாள் முடிந்தால் தானே திரும்பிவிடும், தாமதக் கட்டணம் இல்லை. நூலகம் சந்தா கட்டியிருக்கும் மொழிப் பயிற்சிச் செயலிகளும் இருக்கலாம். வெளியில் காசு கேட்கும் செயலிக்குப் பணம் கட்டுமுன் நூலக இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள்.

ஆனால் குழந்தைதான் உங்களுக்கு நல்ல சாக்கு. பெரும்பாலான நூலகங்களில் வாரந்தோறும் கைக்குழந்தைகளுக்குக் கதை நேரம் உண்டு. நூலகர் பாட்டுப் பாடி, படக்கதையை மெதுவாகச் சத்தமாகப் படிப்பார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து பாடலாம். ஒரே பாட்டு வாராவாரம் வரும். ஓசையும் ஏற்ற இறக்கமும் உங்களை அறியாமல் நாக்கில் ஏறிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மாவோடு பேச்சுத் தொடங்க 'எத்தனை மாதம்?' என்ற ஒரு கேள்வி போதும்.

என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியவில்லை. அமெரிக்கர் மாதிரிப் பேச வேண்டுமா?

வேண்டாம். புரியும்படி பேசினால் போதும். தமிழ் வாய்க்கு எங்கே இடறும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நாள் அதே நூலகத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் ஆதார் நகல் எடுக்க 'காப்பி மெஷின்' எங்கே என்று கேட்டார். நூலக ஊழியர் சிரித்த முகத்தோடு முன்கூடத்தில் இருந்த காபி இயந்திரத்தைக் காட்டினார். அவர் பிழையும் இல்லை, இவர் பிழையும் இல்லை. குடிக்கிற காபிக்கும் நகல் என்ற காப்பிக்கும் இங்கிலீஷில் நடுவில் வரும் ஒலிதான் முக்கிய வித்தியாசம். குடிப்பதற்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டுக் காற்று வர வேண்டும், ஃப. நகலுக்கு உதடு இரண்டும் ஒட்ட வேண்டும், ப. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணாடி முன் நின்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இதே போல் ப, க எழுத்துகளுக்குள் நமக்கு இரண்டிரண்டு ஒலிகள் ஒளிந்திருக்கின்றன. 'பேக்' என்று எழுதினால் முதுகா, பையா, கட்டுவதா என்று எழுத்து சொல்லாது. வாய் சொல்ல வேண்டும். மெய்யில் முடியும் வார்த்தையில் உகரம் சேர்ப்பது இன்னொன்று: புக்கு, பஸ்ஸு, கேட்டு. வேகமாகப் பேசும்போது இந்த உகரம்தான் அவர்களைக் குழப்புகிறது. எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரம் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு; முட்டை 'யெக்கு' ஆகிவிடும்.

நமக்குச் சாதகமானதும் இருக்கிறது. கப்பலையும் ஆட்டையும் குறிக்கும் ஷிப், ஷீப் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேறு மொழிக்காரர்கள் பலர் திணறுவார்கள். குறில் நெடில் தாய்ப்பாலோடு வந்த நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. வட்டத்தில் ஈக்வடார்க்காரருக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பெரிய வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது. நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்வோம். அவர்கள் ஒன்றை அழுத்தி மற்றதை விழுங்குவார்கள். 'ஹோட்டல்' நமக்கு முன்னால் அழுந்தும், அவர்களுக்குப் பின்னால். புது வார்த்தை கற்கும்போது எந்த அசையில் அழுத்தம் என்று நோட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

நாங்கள் பேசும் இங்கிலீஷே தப்பு என்கிறார்களே?

தப்பில்லை, இடம் வேறு. இங்கே 'எனக்கு ஒரு டவுட்' என்றால் சந்தேகம் கேட்கிறோம் என்று பொருள். அங்கே அதைச் சொன்னால் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'க்வெஸ்ச்சன்' என்று சொல்லுங்கள். 'பாஸ்ட் அவுட்' என்றால் இங்கே படித்து முடித்தது, அங்கே மயங்கி விழுந்தது. 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயர் சொல்வதை விட்டு 'ஐ ஆம்' என்று தொடங்குங்கள்.

போவதற்கு முன்பே வேலூரில் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இங்கே பழக்கம் இல்லாதவர்கள் அங்கே போயும் நூலக வாசலை மிதிப்பதில்லை. மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ உறுப்பினர் ஆகுங்கள். வைப்புத்தொகை ஒரு சினிமா டிக்கெட் செலவுகூட ஆகாது. தினமும் இங்கிலீஷ் நாளிதழில் ஒரே ஒரு செய்தியை எடுங்கள். அதே செய்தியைத் தமிழ் நாளிதழில் முதலில் படித்துவிடுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் இங்கிலீஷ் வார்த்தைகள் தாமாகவே பிடிபடும். பிறகு வீட்டில் அதைச் சத்தமாகப் படியுங்கள். பள்ளியில் என் பிள்ளைகள் பலர் இப்படித்தான் தேறினார்கள்.

காட்பாடியிலிருந்து ரயில் ஏறினால் சென்னை இரண்டு மணி நேரத்துச் சொச்சம். அங்கே கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருமுறை போய் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். கட்டணம் இல்லை. பெரிய நூலகத்தில் மாடி மாடியாக ஏறி, எண் பார்த்து, தானே புத்தகம் தேடி எடுக்கிற தைரியம் வரும்.

வீட்டில் பிபிசியின் 'லேர்னிங் இங்கிலீஷ்' பக்கத்தில் ஆறு நிமிஷ ஒலித் துண்டுகள் இலவசமாக இருக்கின்றன. சமைத்துக்கொண்டே கேட்கலாம். பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ்' தளத்தில் நிலைவாரியாகப் பயிற்சிகள் உண்டு.

ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் முப்பது நாள் என்கிறார்கள், கட்டலாமா?

முப்பது நாளில் யாருக்கும் ஒரு மொழி வராது. பேச ஆள் கிடைக்கிறது என்பதற்காகப் போவதென்றால் போங்கள். முதலில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஆசிரியர் ஒருவரே முழு நேரமும் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். நாலு தோழிகள் சேர்ந்து வாரம் இரு மாலை கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து இங்கிலீஷில் மட்டும் பேசுவது அதைவிட மேல்.

நான் நர்ஸ். நூலகம் எனக்கு உதவுமா?

1946இலேயே பி.எஸ்சி. நர்சிங் படிப்பு தொடங்கிய ஊர் இது. சிஎம்சியும் மற்ற கல்லூரிகளும் அனுப்பிய நர்ஸுகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் வழி கொஞ்சம் வேறு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் கேட்பது, பேசுவது, படிப்பது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். அல்லது ஓஇடி என்ற மருத்துவத் துறைத் தேர்வு எழுதலாம். அதில் பேச்சுப் பகுதி நோயாளியோடு பேசுவது போல நடிப்பது, எழுத்துப் பகுதி ஒரு நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும் கடிதம். நீங்கள் தினமும் செய்கிற வேலைதான். மதிப்பெண் விதி மாறலாம், விண்ணப்பிக்குமுன் நர்ஸுகளைப் பதிவு செய்யும் பிரிட்டன் அமைப்பின் தளத்தில் பாருங்கள்.

நூலகத்தில் மாதிரித் தேர்வுப் புத்தகங்கள் இருந்தால் எடுங்கள். புதுப் புத்தகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். எழுதும் பகுதியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நேரம் வைத்து வாரம் இரண்டு கடிதம் எழுதி, அனுபவமுள்ள ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள்.

கனடா, ஆஸ்திரேலியா, லண்டன் போகிறவர்களுக்கு?

கனடாவில் 'லிங்க்' என்ற அரசு வகுப்பு 1992 முதல் நடக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கும் அகதிப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கும் இலவசம். படிக்கப் போனவர், தற்காலிக வேலை விசாவில் போனவர் அதில் சேர முடியாது. அவர்களுக்கு நூலக வட்டம்தான் கை கொடுக்கும். டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1948இலிருந்தே குடியேறிகளுக்கு அரசு இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறது. பிரிட்டனில் 'ஈஸோல்' என்று கேளுங்கள். பல ஊர் நூலகங்களில் பேச்சுக் குழு இருக்கும்.

எனக்கு 62 வயது. இனி எங்கே டீச்சர் நுழையப் போகுது?

நான் உட்கார்ந்த மேசையில் அந்தக் கொரியப் பாட்டிக்கு 70க்கு மேல். பேரப்பிள்ளையின் டீச்சரிடம் பேச வேண்டும் என்று வந்தவர். உங்களுக்கும் அப்படி ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவது, அல்லது பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. அதற்கு வேண்டிய பத்து வாக்கியம் போதும். பதினோராவது வாக்கியமாக 'இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்' என்பதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்யுங்கள்: 'குட் யூ ஸே தட் அகெய்ன், ஸ்லோலி, ப்ளீஸ்?' நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான்.

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு நூலகம் உதவுமா?

உதவும். பல நூலகங்களில் இதற்குத் தனி வகுப்பும், அரசு வெளியிட்ட பாடப் பொருள்கள் உள்ள ஒரு மூலையும் இருக்கும். இங்கிலீஷ் பகுதி சின்னது. மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். மற்றதை அதிகாரி உங்களோடு பேசும்போதே பார்த்துக்கொள்வார். 50 வயதைக் கடந்து கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள் இருந்தவர்களுக்கும், 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகள் இருந்தவர்களுக்கும் இங்கிலீஷ் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நாட்டு வரலாறு, அரசமைப்புக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். இது தெரியாமல் பயந்துகொண்டே விண்ணப்பிக்காமல் இருக்கும் அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்.

இங்கிலீஷ் வர வேண்டுமென்றால் வீட்டிலும் அதையே பேச வேண்டுமா? பிள்ளைகளிடம்?

கூடாது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளியில் தானாக வந்துவிடும். தமிழ் உங்களிடமிருந்து மட்டும்தான் வரும். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வாங்கச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் வாங்குவார்கள்.

நம் ஊருக்கு வந்தவர்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார், வாணியம்பாடித் தம்பி. ஆனால் எனக்கு இது முக்கியம். சிஎம்சியைச் சுற்றி நடந்தால் வங்காளத்திலும் இந்தியிலும் கடைப் பலகைகள். மருத்துவத்துக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிற குடும்பங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் வடக்கே இருந்து வந்த இளைஞர்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர, எனக்குத் தெரிந்து, எந்த மேசையும் இல்லை.

கிளை நூலகத்தில் நூலகரிடம் அனுமதி வாங்கி வாரம் ஒரு மாலை ஒரு மேசையில் உட்கார்கிறோம். வெளிநாடு போகிறவர்கள் இங்கிலீஷ் பேசிப் பழகுவார்கள். போன மாதம் ஜார்க்கண்டிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை செய்யும் பையன் ஒருவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டேன். கடைத் தெரு விளம்பரத் தாள் ஒன்றை மேசையில் விரித்தோம். கத்திரிக்காயைக் காட்டி 'பைங்கன்' என்றான். இந்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். நாற்காலி போதாது, பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன்.